கர்த்தருக்காக ஒரு பொய்

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லி கோர்ட்டு வாசலில் கூலிக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைக்கும். அவர்களில் ஒருவன் எங்கள் சபைக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றான். அவனை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பு, அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் குமாஸ்தாவாக இருந்த என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சபை ஆண்கள் சிலர் என் வீட்டில் கூடி வேதம் வாசிப்போம். அந்த வாரம் செய்த தப்பை ஒளிக்காமல் சொல்வோம். அவன் தப்பு எப்போதும் ஒன்றுதான். எந்த வழியாக வந்தாய் என்று கேட்டால்கூட வராத வழியைத்தான் சொல்வான். என்னைப் பாடாய்ப் படுத்தினான், நானும் விடவில்லை. கடைசியில், இனி பொய்ச்சாட்சி சொல்வதில்லை என்று முழங்காலில் நின்று சொல்லிவிட்டு, செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தான்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஜெபக்கூடம் இருந்த நிலத்துக்கு வழக்கு வந்தது. வாய்வார்த்தையாக அதைக் கொடுத்தவர் இறந்துவிட, பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்ததைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. சபை மூப்பர் என்னைத் தேடி வந்தார். ஞானஸ்நானத்தன்று அவனைக் கட்டிப்பிடித்து அழுத அதே மனிதர்.

"அவன் பாத்தேன்னு சொல்லட்டும். நடந்தது நெசந்தானே? கர்த்தருக்காக ஒரே ஒரு தபா."

என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. முடியாது என்று திருப்பி அனுப்பினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

விசாரணையன்று கோர்ட்டுக்குப் போனால், சாட்சிக் கூண்டில் அவன் நிற்கிறான். கோர்ட்டுக்கென்றே வைத்திருந்த பழைய கோட்டு, தலைப்பாகை. அடப்பாவி, இதற்குத்தானா இத்தனை நாள் வேதம் படித்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேதப்புத்தகத்தைக் கொடுத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் ஒண்ணும் பாக்கல எஜமான். பாத்தேன்னு சொல்லத்தான் இட்டாந்தாங்க."

கேஸ் போயிற்று. மூப்பர் வாசலில் எல்லார் எதிரிலும் அவனை யூதாஸ் என்றார்.

அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் கோபத்தில் வரவில்லை. அவன் மட்டும் வந்தான். கூண்டில் ஏறவே ஏன் சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"நீங்கதான் சொல்லி அனுப்பிச்சீங்கன்னு மூப்பர் சொன்னாரு. உங்க பேச்சத் தட்ட முடியல அண்ணாத்தே. மேல ஏறினப்புறம் பொய் வர்ல."

அப்படியானால் இந்த நிமிஷம்வரை, பொய் சொல்லச் சொன்னவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டா என் வீட்டுப் படியேறினான்? நான் அனுப்பவில்லை என்று சொல்வதற்கு முன்பே, பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க பாவத்துல உழுந்துட்டீங்கன்னு நெனச்சேன். உழுந்த ஆள அப்டியே உட்டுட்டுப் போவ முடியுமா? குந்துங்க, ஜெபம் பண்ணலாம்."