கண்ணாடி எண்ணிய சோறு

உசனார் காலமெல்லாம் மட்டக்களப்புக்கும் காத்தான்குடிக்கும் பஸ் ஓட்டியவர். பின்னால் யார் ஹோன் அடித்தாலும் வழி விடாத ஆள். அப்படிப்பட்டவரைக் கடைசியில் மடக்கியது ஒரு மூக்குக்கண்ணாடி.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கத்தாரில் வேலை பார்க்கும் மகள் றஸீனா அனுப்பிய கண்ணாடி அதைவிடப் பெரிய வருத்தம். ஆள் எங்கே இருக்கிறார், எதிரே என்ன இருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக் கண்ணெதிரே எழுதிக் காட்டும், கத்தவும் செய்யும். தேநீர்க் கடையில் அவர் பக்கத்தில் இருந்து கூட்டாளி நான் குடித்த சீனி போட்ட பிளேன்டீக்கு அவரைத் திட்டியது. பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றினால், "காலில் புண் வரும், செருப்பு அணியவும்" என்று நச்சரித்தது. கழற்றி வைத்தால் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.

"இது கண்ணாடியா, மாமியா?" என்பார் உசனார்.

பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் நானும் அவரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். ஒரு பெரிய தட்டில் ஆறு பேருக்கான சோறு. சுற்றியிருந்து சாப்பிட வேண்டும். ஓர் ஆள் குறைந்தது. பந்தி பார்த்தவர் கையைப் பிடித்து இழுத்து வந்து இருத்தியது கச்சி முகம்மதை! உசனாரின் கூடப்பிறந்த காக்கா, மூத்தவர். ஒரு வேலிச் சண்டையில் இருவருக்கும் வருசக்கணக்காகப் பேச்சில்லை. முகம் பார்க்காமலே காக்கா சோற்றில் கை வைத்தார். உசனாரும் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்தச் சனியனுக்கு அறிவு வர வேண்டும்! ஆறு பேர் சோற்றையும் உசனார் கணக்கில் போட்டு, "ஆபத்து! உடனே எழுந்திருக்கவும்!" என்று அலறியது.

எழுந்தால் முடிந்தது. காக்காவோடு ஒரே தட்டில் தின்னப் பிடிக்காமல் எழுந்தான் என்றுதான் ஊர் சொல்லும். காக்காவும் அப்படித்தான் நினைப்பார். பிறகு ஒருவர் செத்தால் மௌத்து வீட்டுக்குக்கூட மற்றவர் வரமாட்டார்.

அலறல் கத்தாருக்கும் போயிருக்கிறது; கண்ணாடிக்குள்ளிருந்து றஸீனாவின் குரல் வந்தது. "வாப்பா, கலியாணச் சோத்துல கை வைக்க வேணாமெண்டு எத்தின தரம் சொன்னன்! எழும்புங்க!"

"எழும்ப ஏலா மகள்," என்றார் உசனார், பல்லைக் கடித்தபடி.

"ஏன் ஏலா? கமறாவப் போட்டு நானே பாக்கிறன்."

கச்சி முகம்மதின் கை சோற்றில் அப்படியே நின்றது. தறியில் நசுங்கி நகமில்லாமல் போன கட்டைவிரல்.

றஸீனாவின் குரல் தணிந்தது.

"அது... பெரியவாப்பாட கையா?"

கச்சி முகம்மது இறைச்சியைப் பிய்த்து, எலும்பை ஒதுக்கி, தம்பியின் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"தின்னுங்க வாப்பா," என்றாள் றஸீனா. அழுகிறாள் என்று தெரிந்தது. "கண்ணாடியக் கழட்டி வைங்க."

உசனார் கழற்றி என் மடியில் எறிந்தார். அங்கேயிருந்தும் அது, "எழுந்திருக்கவும், எழுந்திருக்கவும்" என்று கத்திக்கொண்டேயிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை.