ஐஸ் மூட்டைக்குள் மாமியின் வான்

என் வேலைமேசை லாச்சியில் கரி பிடித்த ஹீட்டர் பிளக் ஒன்று கிடக்கிறது. குளிர்ந்து கிடக்கும் டீசல் எஞ்சினைக் கிளப்புமுன் உள்ளே சூடேற்றிக் கொடுப்பது அதன் வேலை. மன்னாரில் அது வேலையில்லாத பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அது மாமியின் வானிலிருந்து கழற்றியது. மாமா இறந்தபின் அந்தப் பழைய வானை மாமியே ஓட்டினார். ஓலைத்தொடுவாயிலிருந்து மீன் விற்கும் பெண்களைச் சந்தைக்கும், திருவிழாக் காலத்தில் குடும்பங்களை மடு மாதா கோயிலுக்கும் ஏற்றிப் போவார். அவர் பிறந்தது நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில். கல்யாணமாகி மன்னார்த் தீவுக்கு வந்தவர். தாயின் சாவுக்குப் போனபோது, மலையேறும் வழியில் இரவு உறவினர் வீட்டில் தங்கினார். மார்கழிக் குளிரில் காலையில் வான் கிளம்பவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

பிறகொரு மார்கழியில், தோட்டத்திலிருந்த அவருடைய அக்காவுக்குக் கண்டியில் சத்திரசிகிச்சை என்று செய்தி வந்தது. விடியுமுன் அவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்க வேண்டும். நான் தொழில்நுட்பக் கல்லூரி முடித்துக் கராஜ் ஒன்றில் சேர்ந்திருந்தேன். மாமி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"பிள்ளை, இந்தமுறை இது கிளம்பவேணும். வேற கதை வேண்டாம்."

பற்றரி, கூலன்ட், டீசல் வடிகட்டி என்று வரிசையாகப் பார்த்தேன். ஹீட்டர் பிளக்குகள் நான்கும் செத்திருந்தன. அவற்றுக்குப் போகும் வயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது.

"உன்ர மாமாதான். எங்கட வெயிலுக்கு எஞ்சினுக்கு அடுப்பும் மூட்டவேணுமோ எண்டு சிரிச்சுச் சிரிச்சு வெட்டினவர்."

புதியவை போட்டு வயரைச் சேர்த்தேன். சாவியைத் திருப்பியதும் வான் கிளம்பியது. ஆனால் முன்பும் இங்கே அப்படித்தான் கிளம்பியது. மலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட இருவருக்கும் மனமில்லை. சோதிக்கக் குளிர் வேண்டும். தீவில் குளிர் கிடைக்கும் இடம், மீனை ஐஸ் போட்டு வைக்கும் மீன்வாடிதான்.

மாலையில் வானை வாடிக்கு முன்னால் நிறுத்தினோம். எஞ்சின் ஆறியதும் மின்பாகங்களைப் பொலித்தீனால் மூடி, உடைத்த ஐஸைச் சாக்குகளில் கட்டிச் சுற்றிவர அடுக்கினோம். வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"என்னக்கா, வானையும் கொழும்புக்கு அனுப்பப்போறீங்களோ? கிலோ என்ன விலை?"

"நீயும் வந்து படடா. சேர்த்து ஐஸ் போடுறன், கெடாமலாவது இருப்பாய்."

காலையில் எஞ்சினைத் தொட்டால் விரல் விறைத்தது. முதலில் பிளக் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் சுற்றியது, இருமியது, ஓய்ந்தது. மாமியின் முகம் இறுகியது. தாயின் சாவுக்குப் போன அந்தக் காலையில் அவர் கேட்ட சத்தம் அது. வயரை மாட்டினேன். பிளக் சூடாகும்வரை எரியும் டாஷ்போர்ட் விளக்கு அணையப் பொறுத்துத் திருப்பினார். ஒரே இழுப்பில் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வான் கிளம்பியது. வாடிக்காரர்கள் கைதட்டினார்கள். மாமி எஞ்சினை நிறுத்தினார்.

"இண்டைக்கும் ஐஸ் போடுவம். நாளைக்கும் கிளம்பினால்தான் நம்புவன்."

மறுநாளும் கிளம்பியது.

சில நாட்களில் விடியற்காலை மலையிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் எஞ்சின் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு மாமி, "கேட்டியோ? அக்கா ஏறிட்டா. வைக்கிறன்."

பார்வை மங்கியதால் மாமி இப்போது ஓட்டுவதில்லை. நேற்று ஒருவர் பழைய டீசல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். நத்தார் பண்டிகைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போகிறாராம். ஹீட்டர் பிளக்குகள் செத்துவிட்டன என்றேன்.

"எங்கட வெயிலுக்கு அது என்னத்துக்கு, தங்கச்சி?"

லாச்சியைத் திறந்து, கரி பிடித்த பிளக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"புதுசு நாலும் நான் போடுறன். நீங்கள் வாடிக்குப் போய் ரெண்டு பெட்டி ஐஸ் வாங்கிக்கொண்டு வாங்கோ."