பத்தில் ஒருத்தி

கருமத்தம்பட்டியில் ஒரு தறிப்பட்டறையில் துணி செக்கிங் பார்க்கிறேன். நாங்கள் பத்துப் பெண்கள். போன மாசம் முதலாளி வந்து, ஆர்டர் குறைந்துவிட்டது என்றார். ஒரு ஆளை நிறுத்தியாக வேண்டுமாம். யாரென்று அவர் சொல்லவில்லை.

"உங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணிக்கோங்க அம்மணி. எனக்கு எல்லாரும் ஒண்ணுதானுங்க."

யாரும் யாரையும் கைகாட்ட மாட்டோம். எங்கள் பக்கம் இப்படி முட்டி நின்றால் சாமியிடம் பூக் கேட்பதுதான். சாப்பாட்டு நேரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வாழையிலையில் மடித்த பத்துப் பொட்டலம். ஒன்றில் மட்டும் செவ்வரளி, மற்றதிலெல்லாம் வெள்ளரளி. சிவப்பு வந்தவள் வேலையை விட வேண்டும். ஆளுக்கொன்று எடுத்தோம். செவ்வரளி என் பக்கத்து மேசைக்காரிக்கு வந்தது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்களுக்கு மனசு லேசாகிவிட்டது. முடிவு அம்மனுடையது.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குதும்மா. டெசிமேட்."

"அப்படின்னா?"

"இப்ப, கூட்டமா அழிக்கறதுக்குச் சொல்றாங்க. லத்தீன்ல பத்துங்கறதுல இருந்து வந்தது. அந்தக் காலத்து ரோமாபுரிப் பட்டாளத்துல தப்புப் பண்ணுனவங்களைப் பத்துப் பத்துப் பேராப் பிரிப்பாங்களாம். சீட்டுப் போட்டு ஒருத்தனை எடுப்பாங்க. அவனை அடிச்சே கொல்லோணும்."

"யாரு, அதிகாரிங்களா?"

"இல்லம்மா. மிச்ச ஒம்பது பேரு. கூட உக்காந்து சோறு தின்னவங்க."

என் தட்டைத் தள்ளி வைத்தேன். எந்தத் தேசமோ, எந்தக் காலமோ. நாங்கள் செய்ததற்கு என்றைக்கோ பேர் வைத்திருக்கிறார்கள்.

காலையில் நேரே பக்கத்து மேசைக்காரி வீட்டுக்குப் போனேன்.

"கிளம்பு கண்ணு. பத்துப் பேரும் ஆளுக்குக் கொஞ்ச நாள் முறை வெச்சு லீவு போட்டுக்கலாம். முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"அம்மன் சொன்னதை மாத்தக் கூடாதுங்கக்கா."

"அம்மன் சொல்லுல. நாங்கதான்."

அப்படியே பார்த்தாள். சாமிமேல் பாரத்தைப் போட்டு ஒரு ராத்திரியைத் தள்ளியிருப்பாள். அதையும் நான் பிடுங்கிப்போட்டேன்.

"அப்படீன்னா நீங்களே சொல்லுங்கக்கா. எம் மூஞ்சியப் பாத்து, வேலைக்கு வராதேன்னு."

கொடியில் கிடந்த சேலையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"பஸ் வந்துரும். சீலையை மாத்து" என்றேன்.