பின்னால் வரும் ரசாக்

முன்னால் போகிற ஸ்கூட்டருக்கும் தனக்கும் ஒரு பஸ் நீளம் இடைவெளி விட்டு, தலையை ஒருபக்கம் சாய்த்தபடி மொபெட்டில் போய்க்கொண்டிருக்கிறார் ரசாக். அந்த ஸ்கூட்டர் சற்று முன்புவரை உக்கடத்தில் இருக்கும் அவருடைய பட்டறையில் நின்றது. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிய ஆளுக்குப் பின்னால் மெக்கானிக் வருவது தெரியாது. ரசாக் சத்தத்தைக் கேட்கிறார். நின்று கிளம்பும்போது பெல்ட் வழுக்குகிறதா, கிறீச்சிடுகிறதா என்பதுதான் கவலை. இரண்டு சிக்னல் தாண்டி மனசு ஒத்துக்கொண்டால் திரும்பிவிடுவார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஆளின் வீட்டு வாசல் வரைக்கும் போவார்.

கோவையில் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. ரசாக் அவற்றை மட்டுமே தொடுவார். அந்த வண்டிகளில் கியர் செய்ய வேண்டிய வேலையை ஒரு ரப்பர் பெல்ட் செய்கிறது. எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரத்துப் பக்கம் ஒரு புல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. வேகம் ஏற ஏற முன்புல்லியின் தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டை விளிம்புக்குத் தள்ளும். பின்புல்லியின் தட்டுகள் விலகி அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். மேடு வந்தால் எல்லாம் தலைகீழ். “ஏத்தம் வந்தா அதுவே பாத்து எறங்கிக்கும்ங்க. ஆனா தொங்கலும் ஆவாது, இறுக்கமும் ஆவாதுங்க. அதுக்குன்னு ஒரு பதம் இருக்குது” என்பார்.

அந்தப் பதத்தை அவர் தேடாத இடமில்லை. பெல்ட் என்று ஒன்று கண்ணில் பட்டால் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். மாவு மில்காரர் இவர் தலையைக் கண்டாலே மோட்டாரை நிறுத்திவிடுகிறார். மைத்துனர் மகள் நிக்காஹ் அன்று, எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரிடம் நின்றார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, நகக்கண்ணில் கறுப்புத் தூள். எவ்வளவு பசித்தாலும் நாலு வாய்க்கு மேல் நிதானமாகச் சாப்பிட்டதில்லை.

வாடிக்கையாளர்கள் அவரை ‘பின்னாடி வர்ற பாய்’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் மனைவி மெஹராஜுக்கு மானம் போய்விட்டது. “ஏனுங்க, ஊசி போட்டுப்போட்டு டாக்டரு நோயாளி பின்னாடியேவா போறாரு? உங்க கை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீன்னா ஊர்ல எவன் நம்புவான்?” என்று பிடிபிடியென்று பிடித்தார். இனிமேல் யார் வண்டிக்குப் பின்னாலும் போகமாட்டேன் என்று ரசாக் மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். போன மாதம் நடந்தது இது. சொன்னபடி அடங்கியும் இருந்தார், பொற்கொடியின் வண்டி வரும்வரை.

பொற்கொடி சரவணம்பட்டியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார். சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. சைடு வீல் வைத்த ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால். அந்தப் பாரத்தை இழுத்து இழுத்துப் பெல்ட் சீக்கிரம் தேய்ந்துபோகும். அன்று காலை ரசாக் புதுப் பெல்ட் மாட்டிக் கொடுத்தார். “வாரேனுங்க பாய், இன்னிக்காச்சும் பின்னாடி வராதீங்க” என்று சிரித்துவிட்டுப் பொற்கொடி கிளம்பினார். “சத்தியம் பண்ணிருக்கறேனுங்க” என்று ரசாக்கும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மதியம் சோற்றில் கை வைத்தபோது அந்த நினைப்பு வந்தது.

பெல்ட் மாட்டும்போது, பின்புல்லியின் தட்டுகளை விரித்துப் பெல்ட்டை ஆழமாக உள்ளே அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் தளர்ச்சி கிடைக்கும். முன்புல்லியின் வெளித்தட்டு போய் அதன் இடத்தில் உட்காரும். அதன் மேல் நட்டை முடுக்கலாம். அமுக்க மறந்தால் தட்டுக்கு நடுவில் பெல்ட் சிக்கிக்கொள்ளும். ஸ்பேனருக்கு நட்டு கல்லாக இறுகிவிட்டது போலத்தான் இருக்கும். வண்டி ஓடிப் பெல்ட் தன் இடத்துக்கு இறங்கியதும் நட்டு தனியாகத் தளர்ந்து நிற்கும். அது கழன்றால் எஞ்சின் அலறும், சக்கரம் அசையாது.

நட்டை முடுக்கியது ரசாக்குக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெல்ட்டை அமுக்கியதுதான் நினைவில் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்துக் கடை ராமுலு வந்து, தண்ணீர் வராததைப் பற்றி நியாயம் பேசிக்கொண்டிருந்தார். அமுக்கினோமா, அவருக்குத் தலையாட்டினோமா? எத்தனையோ வண்டியில் அமுக்கிய நினைப்பெல்லாம் வந்து குழப்பியது.

வேறு யாராக இருந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடலாம். பொற்கொடியால் இறங்க முடியாது. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். வழியில் ரயில்வே கேட் இருக்கிறது. சத்தி ரோட்டில் லாரிகள் கண்ணை மூடிக்கொண்டு பறக்கின்றன.

ராமுலு கடைக்கு ஓடிப் பூத்துக்குப் போன் அடித்தார். எங்கேஜ்டு. பொற்கொடி இல்லாதபோது பூத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய அண்ணி. அதனால் போன் ஓயாமல் இருப்பதை வைத்து, பொற்கொடி வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. மறுபடியும் அடித்தார். எங்கேஜ்டு. கையைக் கழுவாமலே மொபெட்டை எடுத்தார். சோறு கொண்டுவந்து பட்டறை வாசலில் நின்ற மெஹராஜ் வாயைத் திறப்பதற்குள், “திட்டறதா இருந்தா வந்தப்புறம் திட்டு மெஹரு” என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிவிட்டார்.

டீக்கடை முன்னால் நாலு பேர் கூடி நின்றாலும் நிறுத்தி எட்டிப் பார்த்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. குனிந்து அந்தப் பக்கம் தேடினார். கணபதி தாண்டி, ஓரங்கட்டி நின்ற ஒரு லாரியைச் சுற்றியே வந்து பார்த்தார்.

பூத் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பொற்கொடி உள்ளே உட்கார்ந்து யாருக்கோ நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். ரசாக் மொபெட்டை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார்.

“ஏனுங்க பாய், சத்தியம் பண்ணிருக்கறேன்னீங்க?” பொற்கொடி சிரித்தபடி சக்கர நாற்காலியை வாசலுக்கு நகர்த்திக்கொண்டார். “வண்டி ஜம்முனு வந்துச்சுங்க. வெயில்ல எதுக்குங்க இந்தப் பாடு?”

“ஒருக்கா பாத்துப்போடறேன் அம்மணி.”

“பாத்துக்குங்க. பாத்தாத்தான உங்களுக்குத் தூக்கம் வரும். மெஹராஜ் அக்காகிட்ட நான் சொல்லமாட்டனுங்க.”

பெல்ட் மூடி இருப்பது வண்டியின் அந்தப் பக்கம். பொற்கொடிக்கு ரசாக்கின் தலை மட்டும்தான் தெரியும். திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தவர் அப்படியே இருந்தார்.

“என்னங்க பாய், எல்லாஞ் சரியாத்தான இருந்துச்சு?” பொற்கொடிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. “சும்மாதான இவ்வளவு தூரம் வந்தீங்க?”

இரண்டு முடுக்கு முடுக்கி மூடியைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ரசாக் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். சைடு வீலைப் பிடித்து வண்டியையே திருப்பி, திறந்த பக்கத்தைப் பொற்கொடியின் முன்னால் நிறுத்தினார். இரண்டு விரலால் நட்டைத் திருகி எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.