காலில் நீரு

என் இடது காலுக்கு எப்போதும் தனி நியாயம். காலையில் வலது காலோடு ஜோடியாக எழுந்திருக்கும். மத்தியானம் வரைக்கும் சொன்ன பேச்சு கேட்கும். பொழுது சாயத் தொடங்கினால் கணுக்காலில் ஆரம்பித்து மெல்ல உப்பும். செருப்பு வாரின் தடம் அழிய வெகுநேரம் ஆகும். அப்போது நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மரியாதை தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த, பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் வீட்டுக்குள் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ்தான். ஆனால் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் மலையாளம் உள்ளே புகுந்துவிடும். வீக்கத்துக்கு நீரு என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் காலைப் பார்த்த மாமியார், "ஏனம்மிணி, காலுல நீரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாக்கு வறண்டுவிட்டது. அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன். இன்றைக்கும் யாராவது நீரு என்றால் எனக்குத் தாகம் எடுக்கும். அதைவிட அதிகமாக அம்மாவைத் தேடும்.

நான் பிறந்து வளர்ந்தது மலையாளச் சீமையில் சின்னக்கானல் பக்கத்தில், தமிழர்களே நிறைந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. எழுபதுகளின் நடுவில், பதினேழு வயது முடிந்த கையோடு, நானும் பேர் பதிந்து அம்மாவோடு காட்டுக்குப் போகத் தொடங்கினேன். தேயிலைத் தோட்டத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். முதுகில் கூடையோடு அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நிற்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. அவள் கை வேகம் எனக்கு வராது. நான் பின்தங்கினால் என் நிரைக்குள் கையை நீட்டி நாலைந்து செடியைக் கிள்ளி என் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் முன்னே போய்விடுவாள். கங்காணி பார்த்துவிட்டால், மகள் கூடைக்கும் தன் கூடைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது என்று சாதிப்பாள். அவள் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை.

அந்தச் சந்தோஷம் எனக்கு நீடிக்கவில்லை. மறு தை மாதம், பனி குறைந்து வெயில் ஏறும் நேரத்தில் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பாதி நாள் நினைவில்லை. தலையில் கை வைத்தால் முடி கொத்தாக வந்ததும், அம்மா என் காதருகில் ஜெபம் பண்ணியதும் மட்டும் நினைவிருக்கிறது. பிழைக்க மாட்டேன் என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், பேசிக்கொண்டார்களாம். நான் பிழைத்தேன். கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றி வீட்டில் இறக்கினார்கள். எல்லாரும் வந்து ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஸ்தோத்திரம் சொன்ன வாய் மூடுவதற்குள் கால் வீங்கியது.

முதலில் கெண்டைச் சதையில் ஒரு இழுப்பு. படுத்தே கிடந்ததால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். மறுநாள் கால் தொடை வரைக்கும் உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே கிடக்கும். கம்பளி பட்டாலே உயிர் போகிற வலி. காய்ச்சலில் கிடந்த உடம்பில் ரத்தம் உறைந்து காலின் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டது என்று பாலக்காட்டில் ஒரு டாக்டர் பல வருஷம் கழித்து எனக்குப் படம் போட்டு விளக்கினார். அன்றைக்கு எங்கள் லயத்தில் அதற்குத் தெரிந்த பேர் ஒன்றுதான். யானைக்கால்.

அம்மா அந்தப் பேரை வாயால் சொல்லவில்லை. ஆனால் அவள் அதைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். கீழ் லயத்தில் அப்படிக் கால் உள்ள ஒரு பெண் இருந்தாள். அவளால் சரிவில் ஏற முடியாது. யாரும் அவளைப் பெண் கேட்டு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் காட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேட்டில் ஏற முடியாதவளுக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு, அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு, லயத்தில் வீடும் இல்லை. என் கால் வற்றியாக வேண்டும். அம்மாவுக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே கிடையாது.

டிஸ்பென்சரியிலிருந்து சிஸ்டர் வந்து பார்த்தார். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மலையாளி, தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த கம்பவுண்டர் லீவில் போயிருந்தார். சிஸ்டர் காலை அழுத்திப் பார்த்து, சாக்கை மடித்து அடியில் வைத்து உயர்த்தி, மாத்திரை கொடுத்துவிட்டு அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"நீரு குறையணம், கேட்டோ. நீரு குறையாதெ எணீற்று நடக்கருது."

அம்மா தலையாட்டினாள். எங்களுக்குத் தெரிந்த மலையாளமெல்லாம் ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கியது. தமிழுக்குத் தூரமான சொல் வந்தால் உஷாராகி, பக்கத்தில் யாரையாவது கேட்போம். தமிழ் மாதிரியே இருக்கிற சொல் வந்தால் நம் வீட்டுச் சொல்தானே என்று நம்பிவிடுவோம். குடிக்கிற தண்ணீருக்கு அவர்கள் வெள்ளம் என்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் நீர் என்றாலும் தண்ணீர்தானே. நீரைக் குறைக்க வேண்டும், குறைக்காமல் நடக்க முடியாது. அவள் காதுக்கு அது அத்தனை தெளிவாக இருந்தது. காலும் நீர் கோத்த மாதிரிதானே இருந்தது?

சிஸ்டர் படியிறங்கியதும் அம்மா தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டாள். அந்த அத்தையும் காட்டில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள்.

"உள்ள இருக்குற தண்ணி வத்தணும்ட்டி. மேல மேல ஊத்துனா அது எங்கன போவும்?" என்றாள் அம்மா என்னிடம்.

அன்றிலிருந்து மாத்திரை விழுங்க ஒரு வாய்த் தண்ணீர். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். உதடு வெடித்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். நான் அந்தத் துணியைப் பல்லால் பிடித்து உறிஞ்சப் பார்ப்பேன். அவள் பிடுங்கிக்கொள்வாள். வலி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாகத்துக்கு முன்னால் வலி ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் லயத்தின் கோடியில் ஒரு குழாய் உண்டு. மேலே ஊற்றிலிருந்து வருவது. அதற்குத் திருகு கிடையாது, நாள் முழுக்க அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். பதினேழு வருஷம் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை. பித்தளைக் குடத்தில் விழும்போது ஒரு சத்தம், அலுமினியத்தில் ஒரு சத்தம், பிளாஸ்டிக் வாளியில் ஒரு சத்தம். குடம் நிறைய நிறையச் சத்தம் மெலிந்துகொண்டே வரும். கடைசியில் வழியும். யாருடைய குடம் என்றுகூடப் படுத்தபடியே சொல்லிவிடுவேன். வழிகிற சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும். அழுவதற்கும் கண்ணில் தண்ணீர் இல்லை. அந்த மலையில் எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். பாறையில் வடியும், தகரக் கூரையில் பனியாகச் சொட்டும். நான் மட்டும் அதற்கு நடுவில் காய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். அம்மா வீட்டில் காப்பி குடிப்பதை நிறுத்தியிருந்தாள். லெந்துக்காக என்றாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. இங்கே காப்பியை விட்டுவிட்டு, காட்டில் போய்ப் போத்தல் போத்தலாகப் பால் விடாத கட்டன் சாயா குடிப்பாள் என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து கூடையை இறக்கும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"நீ மட்டும் வயிறு முட்டக் குடிக்கேல்ல?"

அம்மா கூடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ஆமாட்டி, குடிக்கேன். வெயில்ல நிக்கவ குடிக்காண்டாமா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வந்து என் காலுக்கடியில் சாக்கைச் சரிசெய்தாள். அவள் விரல்களில் கொழுந்துக் கறையும் பச்சை வாசமும் இருந்தன. எனக்கு அப்போது அவளைப் பிடிக்கவில்லை.

சிஸ்டர் மறுபடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அம்மாவும் அத்தையும் வீட்டில் இருந்தார்கள். கால் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. சிஸ்டர் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். மூத்திரம் போகிறதா என்று கேட்டார். அம்மா, குறைச்சல்தான் என்று சைகை காட்டினாள்.

"வெள்ளம் கொடுக்குந்நில்லே?"

"இல்ல சிஸ்டரம்மா," என்றாள் அம்மா, சொன்னதைச் சரியாகச் செய்த திருப்தியோடு. "நீங்க சொன்ன மாரியே நீரக் கொறச்சிட்டேன். ஒரு சொட்டு கூடக் குடுக்கல."

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் காலைத் தொட்டுக் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சேச்சி, நீரு எந்நு வெச்சால் இது. வீக்கம். குடிக்குந்ந வெள்ளமல்ல. குடிக்கான் தாராளம் கொடுக்கணம்."

அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தைதான் ஓடிப்போய்ப் பானையைக் கொண்டுவந்தாள். சிஸ்டர் டம்ளரை என் வாயில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடி என்றார். கொஞ்சம் கொஞ்சமாகவா? டம்ளரைக் கடித்துவிடாமல் இருந்ததே பெரிது. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி நெஞ்சில் இறங்கி வயிற்றில் போய் நிற்பது தெரிந்தது. பிறகு நான் எத்தனையோ நல்ல தண்ணீர் குடித்திருக்கிறேன். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அப்போது அத்தை சிஸ்டரிடம் கேட்டாள்.

"அப்ப இவளும் குடிக்கலாமா சிஸ்டரம்மா?"

"ஆரு?"

அத்தை அம்மாவைக் காட்டினாள். "மவ குடிக்காத தண்ணி எனக்கெதுக்குன்னு இவ காட்டுல ஒரு வாய் குடிக்கல. நாக்கு காயுதுன்னா நனைச்சுத் துப்பிருவா. கொண்டு வார சாயாவச் செடி மூட்டுல ஊத்திருவா. ராத்திரி ஒரு கை கஞ்சித் தண்ணி. அதுலதான் உசுரு ஓடுது. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்."

"வாய மூடுட்டி," என்றாள் அம்மா.

சிஸ்டர் பானையைக் காட்டிக் குடிக்கச் சொன்னார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைத் திருப்பி நின்று குடித்தாள். மொண்டாள், குடித்தாள். மறுபடி மொண்டாள். மடக் மடக்கென்று அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டது. தோள் ஏறி இறங்கியது. குடித்து முடித்த பிறகும் வெகுநேரம் திரும்பவில்லை. நான் "அம்மா" என்றேன். "இன்னும் வேணுமாட்டி?" என்று கேட்டபடி டம்ளரோடு வந்தாள்.

கால் மெல்ல வற்றியது. முழுதாக அல்ல. துணிப்பட்டை சுற்றிக்கொண்டு கார்த்திகை வாக்கில் மறுபடி காட்டுக்குப் போனேன். ஏறும்போது அம்மா எனக்கு ஒரு அடி பின்னால் வருவாள். சறுக்கினால் பிடிக்கவாம். அவளுக்கே மூச்சு வாங்கும். எனக்கு யானைக்கால் இல்லை என்று லயத்துக்குத் தெரிவிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே என்னைக் கீழ் லயம் வழியாகக் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போவாள். அந்த வழி சுற்று வழி. வலியோடு அவளைத் திட்டிக்கொண்டே நடப்பேன். சில வருஷம் அவளுக்குப் பக்கத்து நிரையில் நின்றேன். பிறகு கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு மலையிறங்கினேன். அம்மா மலையிறங்கவில்லை. அங்கேயே கண்ணை மூடினாள்.

எலப்புள்ளியில் கோடையில் கிணற்றின் அடி தெரியும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்தத் திருகில்லாத குழாய் நினைவுக்கு வரும். சாயங்காலம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்ததும் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். நான் வாங்கும் முன்னால், "நீங்க குடிச்சீங்களா?" என்று கேட்பேன். "அட, தெனமும் இதையே கேக்கோணுமா? குடிச்சாச்சு," என்பார். சொன்னால் போதாது, என் கண் முன்னால் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். ஏன் என்று ஒருநாள் கேட்டார். தண்ணீர் நல்லதா என்று பார்க்கத்தான் என்றேன். நம்பிவிட்டார்.

எனக்கு அம்மா வேண்டும். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று அவள் தண்ணீர் குடிக்கும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு இந்தக் கால் எப்படி வேண்டுமானாலும் வீங்கிக்கொள்ளட்டும்.