நான்கு பெட்டிகளும் ஓர் இன்வர்ட்டரும்

பள்ளியில் புவியியல் நடத்திய காலமெல்லாம், நிலத்தடி நீர்மட்ட அளவீடுகள் அரசின் இணையதளத்தில் என்றென்றும் இருக்கும் என்று நானும் நம்பிப் பிள்ளைகளையும் நம்பவைத்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தளம் மேம்படுத்தப்பட்டது. மேம்பாட்டின் பயனாக, புதிய சின்னமும் ஓடும் எழுத்துகளும் வாய்நிறையச் சிரிக்கும் உழவர் ஒருவரின் படமும் கிடைத்தன. பழைய அளவீடுகள் மட்டும் போய்விட்டன. பாடத்துக்காக நான் இறக்கி வைத்திருந்த பிரதி தப்பியது.

அதன் அருமை முதலில் தெரிந்தது என் தோழிக்கு. செந்துறைப் பக்கம் கடலையும் முந்திரியும் போடுகிறவள். அவள் நிலத்துக்கு அடுத்திருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஆழமாக ஆழமாக, அவள் கிணறு வற்றியது. இப்போது சுரங்கத்தை இன்னும் அகலமாக்க விண்ணப்பித்திருந்தார்கள். அந்தப் பகுதி எக்காலத்திலும் நீரற்றது என்று அதில் எழுதியும் இருந்தார்கள்.

“எப்பவுமே வறண்ட பூமிங்கிறாங்க டீச்சர். அப்ப இத்தன வருஷமா நான் என்ன, கண்ணீரயா பாய்ச்சுனேன்?” என்றாள்.

அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வளாகத்தில் அரசே தோண்டி, அரசே அளந்த கண்காணிப்புக் கிணறு ஒன்று உண்டு. அரியலூரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அதன் பேச்சோ என் பழைய கணினியில் இருந்தது; அந்தக் கணினி இருமத் தொடங்கியிருந்தது.

பொதுத் தகவல்களை ஒரே இடத்தில் குவிக்காமல், பலர் வீடுகளில் சிறு பெட்டிகளில் பிரதி எடுத்துக் காக்கும் சமூகம் ஒன்று இணையத்தில் இருப்பதைத் தேடிப் பிடித்தேன். காணொளி அழைப்பில் அன்பாகப் பேசினார்கள். தரவுகளை நிரந்தரமாகக் காப்பதே தங்கள் வாழ்வின் நோக்கம் என்றார்கள். நிதியைப் பற்றிக் கேட்டதும், நிரந்தரம் என்பது முதல் ஆண்டு மட்டும் என்று தெளிவுபடுத்தினார்கள். உலகின் பிற மூலைகளிலும் எங்கள் பிரதியை வைக்கலாமாம். ஆனால் காத்திருப்போர் வரிசையில் பனிப்பாறைகளும் விண்கற்களும் முன்னால் நின்றன. பெட்டிகளை இலவசமாக அனுப்பினார்கள். ஒரே ஒரு விதி: இரண்டு பெட்டிகள் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

ஒன்று பெரம்பலூரில் என் வீட்டில், ஒன்று தோழியிடம், ஒன்று குரும்பலூரில் எனக்கு ரவிக்கை தைக்கும் டெய்லர் அக்காவிடம், ஒன்று, துபாயிலிருந்து திரும்பி வந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருந்த லப்பைக்குடிகாட்டு பாயிடம்.

இரண்டாம் ஆண்டிலிருந்து இணையத்துக்கும் பழுதுக்கும் யார் கொடுப்பது என்ற கேள்வியை, உலக அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே தோழி தீர்த்துவிட்டாள். அவள் தெருவில் அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்குவார்கள். “மைக் செட்டுக்கு அழுவுறோம், நம்ம கெணத்துக்கு அழுவக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறாள். பெட்டிச் செலவும் மைக் செட்டோடு சேர்ந்தது. சமூகத்தின் ஆண்டறிக்கை இதை ‘மரபுசார் நீடித்த நிதியம்’ என்று வருணித்தது. அதைத் தெருவில் படித்துக் காட்டினேன். யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

பிறகு கோடை வந்தது, மின்வெட்டும் வந்தது. தோழியின் பெட்டி அடிக்கடி அணைந்தது. பாய் கடையில் பெரிய இன்வர்ட்டர் இருந்தது. “இங்கயே வச்சிட்டுப் போங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றார். வைத்தாள். நல்ல மனிதர், நல்ல இன்வர்ட்டர் என்று நானும் என் பெட்டியைக் காய்கறிப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டெய்லர் அக்கா மட்டும் மறுத்தார்.

“அந்தாளு என் போனுக்கு டிஸ்பிளே மாத்துனாரு. ஒரு வாரத்துல டச்சு போச்சு. கேட்டா, உங்க வெரல்ல பிரச்சினங்கிறாரு. நான் ஊசி புடிக்கிற வெரலு. அந்தக் கட வாசல மிதிப்பேனா?”

மூன்று பெட்டிகளும் ஒரே அலமாரியில், போன் உறைகளுக்கு மேலே, பச்சை விளக்கு மாறாமல் எரிந்தன. இடையறாத சேவைக்காகச் சமூகம் எங்களைப் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பியது. குரும்பலூர்ப் பெட்டி அடிக்கடி துண்டிக்கப்படுவதாக அதிலேயே வருத்தமும் தெரிவித்திருந்தது. அக்கா இஸ்திரி போடும்போதெல்லாம் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

ஐப்பசியில், தள்ளிக்கொண்டே போன கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குச் சில நாட்கள் இருந்தபோது, கடைக்கு அருகில் இடி விழுந்தது. இன்வர்ட்டரோடு மூன்று பெட்டிகளும் கருகின. என் பழைய கணினி அதற்கு முன்பே காயலான் கடைக்குப் போயிருந்தது. பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தோழி அவரைத் திட்டவில்லை. “குரும்பலூரு பஸ்சு எங்க நிக்கும் டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

அக்காவின் பெட்டி, தையல் எந்திரத்தின் அடியில் ரவிக்கைத் துண்டு போர்த்திக்கொண்டு கிடந்தது. பிளக்கைச் செருகினோம். விளக்கு சிவந்து, நெடுநேரம் யோசித்து, பச்சையானது. பள்ளிக்கூடக் கிணறு என் செல்போன் திரையில் வரிசை வரிசையாக வந்தது: சுரங்கம் ஆழமாவதற்கு முன்னால் எட்டிப் பார்த்தால் தெரிந்த தண்ணீர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் கீழே, கீழே. தோழி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

கூட்டத்தில் அவள் அதை வாசித்தாள். அதிகாரி மிகுந்த கவனத்துடன் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். பின்னர் வெளியே வந்து, தாழ்ந்த குரலில், “பென் டிரைவ்ல ஒரு காப்பி கெடைக்குங்களா? எங்க ஆபீஸ்ல இல்ல” என்றார். கொடுத்தோம்; நாங்கள்தானே அரசாங்கம்.

தெரு மறுபடி வரி போட்டுப் புதுப் பெட்டிகள் வாங்கியது. பாய் மனம் கேளாமல், டெய்லர் அக்காவுக்கு இலவசமாக டிஸ்பிளே மாற்றித் தந்து சமாதானமாகப் போவதாகவும், இடிதாங்கி வைத்த புது அலமாரியில் எல்லாப் பெட்டிகளையும் தானே காப்பதாகவும் சொன்னார்.

தோழி தன் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள். “அலமாரி நல்லாருக்கு பாய். ஆனா நம்ம பெட்டி நம்ம வூட்லயே இருக்கட்டும். அந்த மைன்ஸ்காரங்க முடிவாப் போற வரைக்கும் நீங்களும் அக்காவோட சமாதானமாப் போயிடாதீங்க. புண்ணியமாப் போவும்.”