முத்திரை வைத்த கார்

அந்தத் தெருவில் அவளுக்கு டர்போ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். எந்த டர்போ, என்ன சைஸ் என்று விசாரித்திருப்பாள். அவள் கணவருக்கு டர்போ வீட்டுக்காரர் என்று பெயர். ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாகப் பொறுப்பாளராக இருக்கும் மனிதருக்குத் தெருவில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. அவர் ஆசைப்பட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்குவதற்குத்தான். பதினோரு வருடமாக அது நடக்கவில்லை.

பதினோரு வருடம் என்பது கார் வந்ததிலிருந்து. ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற நாலு கதவு கார். பின்னால் நிற்கும் அந்த இறக்கையையும், பானட்டில் காற்று வாங்கத் திறந்திருக்கும் அந்த மூக்கையும் கண்டுகொள்ளாமல் விட்டால், பார்க்கக் குடும்பக் கார் போலத்தான் இருக்கும். கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே அவள் பானட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதைச் சொன்ன குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டதும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனிதருக்கு அப்போது விவரம் போதவில்லை. "அப்ப சந்தோஷம்தானே?" என்று கேட்டார்.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. வேலை செய்வது பொய்ப்பல் செய்யும் கூடத்தில். முன்பின் பார்த்திராத யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் முடியளவு மேடு இருந்தால்கூட, கடிக்கிற இடத்தில் நீலத்தாளை வைத்துக் கண்டுபிடித்து, தேய்த்துச் சமன் செய்கிறவள். அந்த நீலத்தாள் பெட்டி ஒன்று வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. சைலன்சர் குழாயின் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று ஒட்ட உட்காருகின்றனவா என்று பார்ப்பதற்கு. பொய்ப்பல்லுக்குப் பளபளப்பு ஏற்றும் பசையைக் கொண்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். "காத்து எங்கயும் தடுக்கிடாம போகணுங்க" என்று விளக்கினாள். அந்தக் காற்று தடுக்காமல் போவதற்காகச் சாப்பாட்டு மேஜையில் மூன்று வாரம் தட்டு வைக்க இடமில்லாமல் போயிற்று. இருவரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

முதலில் சைலன்சர் மாறியது. பிறகு ஸ்பிரிங்குகள் மாறி, கார் தரையோடு தரையாக இறங்கியது. பிறகு இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. அதற்குப் பிறகு இன்ஜினுக்குப் புத்தி சொல்லும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. ஒவ்வொரு முறையும், "இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க, அதோட முடிஞ்சுது" என்பாள். பொய் சொல்கிறாள் என்று சொல்ல முடியாது. சொல்லும்போது அவளே அதை நம்பினாள். ஆனால் அந்த ஒன்று முடிந்த மறுநாளே அவள் கண் வேறு எங்கோ போய் நிற்கும், டீ ஆறிக்கொண்டிருக்கும்.

காரில் டிக் என்று ஒரு சத்தம் வந்தால் போதும், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு முறை பதினேழு நாள் ஒரே சத்தத்தைத் தேடி, சீட்டையெல்லாம் கழற்றி வீட்டுக் கூடத்தில் போட்டு, தரைவிரிப்பை உரித்து, கடைசியில் பார்த்தால் கதவுப் பையில் கிடந்த அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு. அவர் அசடு வழிந்தார். அவளோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவரைத் திட்டவே மறந்துபோனாள். உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது அவளை மட்டும் காணோம். தேடிப் போனால், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நல்ல உடுப்போடு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவருடைய அக்கா எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "நடுவுல நீ எதுக்குடா? அவளுக்கு அந்தக் காரையே கட்டி வெச்சிருக்கலாம்."

வருடத்துக்கு ஒரு முறை காருக்குப் பரிசோதனை வரும். தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே முந்தைய வாரம் அவள் எல்லாவற்றையும் கழற்றி, பழைய ஸ்பிரிங், பழைய சைலன்சர், பழைய டர்போ என்று பூட்டிக் காரை நல்ல பிள்ளையாக்கிக் கொண்டுபோவாள். வந்த மறுநாள் மறுபடியும் கழற்றல். அந்தப் பழைய உறுப்புகள் மிச்ச ஐம்பத்தியோரு வாரமும் குடியிருந்தது கட்டிலுக்கு அடியில். அவற்றைத் துணி சுற்றி, சீட்டு ஒட்டி, அடுக்கி வைப்பது அவர் பொறுப்பு. பழக்கதோஷத்தில் டர்போவின் மேல், "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று எழுதி ஒட்டியிருந்தார். பரிசோதனை அதிகாரிக்கும் விஷயம் தெரியும். "கார் பதினோரு வருஷமா வயசே ஆகாம இருக்கேம்மா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

இந்த வருடம் அதிகாரி சிரிக்கவில்லை. புதிய உத்தரவு வந்திருந்தது. பரிசோதனை முடிந்ததும் முக்கியமான போல்ட்டுகளில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்துவிடுவார்கள். ஒரு முத்திரை அறுந்திருந்தாலும் பதிவு ரத்து. அந்தக் கார் அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் ரோட்டில் இறங்க முடியாது. முத்திரை வேண்டாம் என்றாலும் அதே கதிதான். யோசித்துச் சொல்ல ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த ஒரு வாரம் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் உட்காருவாள், எழுந்திருப்பாள், ஷெட்டுக்குப் போவாள், வருவாள். "ஓட்ட முடியாத காரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்பாள். பத்து நிமிடம் கழித்து, "கை வைக்க முடியாத காரை வெச்சுக்கிட்டு மட்டும் என்ன பண்றது?" என்பாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆறாவது நாள், சாப்பாட்டு நேரத்தில், திறந்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவை, முடிஞ்சுதுன்னு வெச்சுக்கயேன். முத்திரை வெச்சுட்டு வந்துடு. நீயும் கொஞ்சம் உக்காரலாம், நானும் கொஞ்சம் உக்காரலாம்."

பதினோரு வருடத்தில் அவர் கேட்ட முதல் விஷயம் அது. அவள் அவரையே பார்த்தாள். கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"இத்தனை நாளா உங்களுக்குக் கஷ்டமாவா இருந்துது?"

"கஷ்டம்னு இல்ல..."

"சரி" என்றாள்.

முத்திரை வைத்த அன்று அவரும் கூடப் போனார். ஒவ்வொரு முத்திரையாக அதிகாரி இடுக்கியால் நசுக்குவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "இனிமே ஸ்பேனரை வெச்சு வீட்டுல ஆணி அடிச்சுக்குங்கம்மா" என்று அதிகாரி தமாஷ் பண்ணினார். அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். பதினோரு வருடமாக அவள் தேடித் தேடிச் சேர்த்த உறுப்புகளெல்லாம் அன்று கட்டிலுக்கு அடியே போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கினார். ஒரு மணி நேரம் என்று நினைத்துப் படுத்தவர் மூன்று மணி நேரம் தூங்கினார். மேஜையில் ஆயில் கறை இல்லை. சோபாவில் போல்ட் குத்தவில்லை. மறுநாள் காலையில் அவள் காரில் அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வந்தாள். கார் மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் குலுங்கவில்லை. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவிடம் போனில், "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்று பெருமையடித்துக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் அவள் வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் சாணை பிடித்தாள். சொட்டாத குழாயைக் கழற்றி மாட்டினாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகித்தான் போயிற்று. மூன்றாவது வாரத்திலிருந்து அவள் எதையும் கழற்றவில்லை. வேலையிலிருந்து வந்தால் சோபாவில் உட்கார்ந்தாள். டிவியில் என்ன ஓடியதோ அதைப் பார்த்தாள், விளம்பரத்தையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். என்ன சமைக்கலாம் என்று கேட்டால், "ஏதாவது" என்றாள். நாலாவது வாரம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஷெட் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார். குண்டூசி விழுந்தால் கேட்கும் போலிருந்தது.

இப்போது இருப்புக் கொள்ளாதவர் அவராகிவிட்டார். ஸ்டோரில் ஒரு முறை எண்ணிய பெட்டிகளை மறுபடி எண்ணினார். வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். நல்லாத்தான் இருந்தாள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாவது வாரம், வேலைக்குப் போகும் வழியில், முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். அவருக்கு இனம் தெரியாத சந்தோஷம். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு முன்னால் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவள் இப்போது காரை ஓரங்கட்டுவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், அங்கே தட்டுங்க, இங்கே அமுக்குங்க என்று உயிரை வாங்குவாள் என்று காத்திருந்தார். கார் போய்க்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் அவரே சொன்னார்.

"ஏதோ சத்தம் வருதே."

"வரட்டுமே" என்றாள். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

அன்று முழுவதும் அவருக்கு வேலை ஓடவில்லை. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, அழுதிருந்தாலும் தேவலை. அந்த வரட்டுமேயில் ஒன்றுமே இல்லை. என்னால்தான், என் ஒரு மணி நேரத் தூக்கத்துக்காகத்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று மனிதர் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அவள் படுத்ததும், அவர் எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஷெட்டுக்குப் போனார். ஒரு பழைய பாயைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, காரின் பின்பக்கமாகத் தலையை உள்ளே நுழைத்தார். சைலன்சர் போல்ட்டில் ஈய முத்திரை கண்ணுக்கு நேரே தொங்கியது. அவருக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் சிவப்பு விளக்கைத் தாண்டாத மனிதர். கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய கருவிப் பெட்டியிலிருந்து எடுத்திருந்த குறட்டின் பிடியை அழுத்தினார். நறுக் என்ற சத்தத்தோடு முத்திரை அவர் நெற்றியில் விழுந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடக் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவர் பெட்டியைத் துழாவி ஒரு ஸ்பேனரை எடுத்து, போல்ட்டில் மாட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்தார். அது வழுக்கியது. விரல் முட்டி தோலுரிந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை வழுக்கியபோது ஷெட் வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன.

"என்ன பண்றீங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். பாயில் கிடந்த முத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே இதை ரோட்டுலயே எடுக்க முடியாதுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அறுத்தீங்க?"

"வரட்டுமேன்னு சொன்னியே" என்றார் காருக்கு அடியிலிருந்து. "எனக்குப் பயமாயிடுச்சும்மா."

அவருக்கு அவளுடைய பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. வலது பாதம் ஒரு முறை அசைந்தது. பிறகு கட்டைவிரல் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"கையில என்ன சைஸ் வெச்சிருக்கீங்க?"

"பதினஞ்சு."

"இந்தக் காருல பதினஞ்சே கிடையாது. அது பதினாலு. போல்ட் தலையை மழுக்கியே வெச்சிருப்பீங்க. முதல்ல ஆயில் விட்டு ஊறப் போடணும். விவரம் தெரியாம யாரு உங்களைக் கை வைக்கச் சொன்னா? நகருங்க, நகருங்க!"

அவர் நகர்ந்தார். அவள் பாயில் இடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். சாயங்காலம்வரை திட்டு நிற்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு முக்கால் மணி நேரமும் அவள் டர்போவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.